நரம்பு வழியே நடந்து வரும் நோய்



முதுமையில் வருகின்ற துன்பங்கள் அனைத்தும் முதுமையால் வருபவை அல்ல. பெரியவர்களுக்குக் கை நடுங்கினால் "வயசாச்சு" என்கிறோம். நடை தளர்ந்தாலும் "வயசாச்சு" என்கிறோம். வீட்டில் இல்லாத ஆள்களைக் கண்டதாக அவர்கள் சொன்னால் மட்டும் திடுக்கிட்டு, "காத்து கருப்பு பட்டிருக்குமோ" என்று அஞ்சுகிறோம். இம்மூன்றும் ஒரே நோயின் மூன்று முகங்களாக இருக்கக்கூடும். அந்த நோய் கைக்கும் கண்ணுக்கும் எட்டுவதற்குப் பல ஆண்டுகளுக்கு முன்பே குடலிலோ மூக்கிலோ தொடங்கியிருக்கவும் கூடும். அதன் பெயர் லூயி உருண்டை நோய். அது எங்கே தொடங்குகிறது, எவ்வழியாகப் பரவுகிறது, அதை அறிவதால் நமக்கு என்ன பயன் என்பதை எளிய தமிழில் விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் கெடா மாநிலத் தோட்டங்களிலும், பின்னர் சுங்கைப் பட்டாணி, கூலிம் வட்டாரங்களிலும் மருத்துவ உதவியாளராகப் பணியாற்றி ஓய்வு பெற்றவன். தோட்டத்து மக்கள் எங்களை 'டிரஸர்' என்றுதான் அழைப்பார்கள். அக்காலத்தில் எங்கள் மருந்தறைக்கு வந்தவை காய்ச்சல், வயிற்றுப்போக்கு, கத்திக் காயம், பாம்புக் கடி போன்றவையே. இன்று அந்தத் தலைமுறை தோட்டத்தை விட்டு வெளியேறி, தாமான் வீடுகளில் பிள்ளைகளோடு முதுமையைக் கழித்து வருகிறது. 2018ஆம் ஆண்டு நடந்த தேசிய சுகாதார ஆய்வின்படி, நம் நாட்டில் 60 வயதைக் கடந்தோரில் 8.5 விழுக்காட்டினர் மறதி நோய்க்கு ஆளாகியிருக்கலாம். அவ்வகை நோய்களுள் அல்சைமரை மட்டும் பலரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். லூயி உருண்டை நோயை அறிந்தவர் மிகச் சிலரே.

பெயர் வந்த வரலாறு

நடுக்குவாதத்தை முதன்முதலில் தெளிவாக விளக்கி எழுதியவர் இலண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன். அது 1817ஆம் ஆண்டு. நோயின் வெளித்தோற்றத்தை அவர் விளக்கினாரே அன்றி, மூளைக்குள் நடப்பது என்ன என்பதை அவரால் காண இயலவில்லை.

ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, ஜெர்மனியில் அல்சைமரின் ஆய்வுக் கூடத்தில் பணியாற்றிய பிரெட்ரிக் லூயி என்ற இளம் மருத்துவர் அதைக் கண்டார். நடுக்குவாதத்தால் இறந்தவர்களின் மூளையை நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, நரம்பணுக்களுக்குள்ளே சிறுசிறு உருண்டைகள் அவருக்குத் தென்பட்டன. 1912ஆம் ஆண்டு அவற்றை வெளியிட்டார். 1919ஆம் ஆண்டு பாரிசில் டிரெட்டியாகோப் என்பவர் அதே உருண்டைகளை நடுமூளையின் கரும்பகுதியிலும் கண்டு, அவற்றுக்கு லூயியின் பெயரையே சூட்டினார். யூதர் என்பதால் 1933இல் வேலையை இழந்த லூயி, நாடு விட்டு நாடு சென்று, இறுதியில் அமெரிக்காவில் 1950ஆம் ஆண்டு காலமானார்.

நெடுங்காலம் இந்த உருண்டைகள் நடுக்குவாதத்துக்கு மட்டுமே உரியவை என்று கருதப்பட்டன. 1976ஆம் ஆண்டு முதல் ஜப்பானிய மருத்துவர் கென்ஜி கொசாக்கா, மறதியும் மனக்குழப்பமும் கொண்டு இறந்த சிலரின் மூளைப் புறணி முழுவதும் அவை பரவிக் கிடப்பதை எடுத்துக் காட்டினார். நடுக்குவாதமும் இவ்வகை மறதி நோயும் ஒரு மரத்தின் இரு கிளைகள் என்பது இவ்வாறு புலப்பட்டது. உடல் விறைப்பு முன்னே வந்து ஓராண்டுக்குப் பிறகு அறிவு தளர்ந்தால் ஒரு பெயர். அறிவுத் தளர்ச்சி முன்னே வந்தாலோ ஓராண்டுக்குள் இரண்டும் சேர்ந்து வந்தாலோ வேறொரு பெயர். உள்ளே கிடப்பவை அதே உருண்டைகள்தாம்.

ஒரு புரதம் உருமாறும்போது

அந்த உருண்டைகள் எதனால் ஆனவை என்பது 1997ஆம் ஆண்டுதான் தெரிய வந்தது. நம் நரம்பணுக்களின் முனைகளில் 'ஆல்பா சைனுக்ளின்' என்ற சிறு புரதம் இயல்பாகவே உள்ளது. ஒரு நரம்பணு அடுத்ததற்குச் செய்தி அனுப்பும் வேலையில் அதற்குப் பங்குண்டு. நல்ல நிலையில் அது நீரில் கரைந்தே இருக்கும். ஏதோ ஒரு காரணத்தால் அதன் மடிப்பு பிசகிவிட்டால், ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இழையாகி, இழை சேர்ந்து திரளாகிறது. அத்திரளே லூயி உருண்டை.

இதைவிடக் கவலைக்குரிய செய்தி ஒன்றுண்டு. மடிப்பு பிசகிய புரதம், தன்னைத் தொடும் நல்ல புரதத்தையும் தன்னைப் போலவே மாற்றிவிடுகிறது. இது தாய்மார்களுக்கு விளங்காத கருத்தன்று. ஒரு கரண்டி உறைமோர் ஒரு சட்டிப் பாலைத் தயிராக்குகிறது. பாலில் குறையில்லை, உள்ளே விழுந்த துளியே அதை மாற்றுகிறது. தயிரை மீண்டும் பாலாக்க இயலாதது போல, உறைந்துபோன இப்புரதத்தைக் கரைக்கும் மருந்தும் இன்றளவும் இல்லை.

வெள்ளை வேர் நோயைப் போல

ஓர் அணுவில் தொடங்கியது அடுத்த அணுவுக்கு எப்படிச் செல்கிறது? பால்மரத் தோட்டத்தில் வாழ்ந்தவர்களுக்கு இதற்கு நல்லதோர் உவமை உண்டு.

கித்தா மரங்களைத் தாக்கும் வெள்ளை வேர் நோயை நம் மூத்தோர் அறிவர். பழைய மரத்தை வெட்டிய பின் மண்ணில் விடப்பட்ட அடிக்கட்டையில் அந்தப் பூஞ்சணம் தங்கியிருக்கும். புதுக் கன்றின் வேர் அதைத் தொட்டதும் அதன் மேல் ஏறிக்கொள்ளும். அங்கிருந்து வேரோடு வேர் உரசும் இடங்களில் மரம் விட்டு மரம் தாவி, நிரை நிரையாகச் செல்லும். மேலே இலை பழுக்கும்போதுதான் நோய் நம் கண்ணுக்குத் தெரியும். அப்போது தோண்டிப் பார்த்தால் வேரில் பெரும்பகுதி அழுகியிருக்கும்.

லூயி உருண்டை நோயும் ஏறத்தாழ இவ்வாறே நடக்கிறது. அது இரத்தத்தின் வழியே உடலெங்கும் தெளிக்கப்படுவதில்லை. ஒன்றோடொன்று தொடர்புடைய நரம்பணுக்களின் வழியாகவே செல்கிறது. பக்கத்தில் இருந்தும் தொடர்பில்லாத அணு தப்பித்துக்கொள்ளும்; தொலைவில் இருந்தும் தொடர்புடைய அணு சிக்கிக்கொள்ளும்.

இதற்கு வலுவான சான்று 2008ஆம் ஆண்டு கிடைத்தது. நடுக்குவாத நோயாளிகள் சிலருக்கு முன்னர் கருவிலிருந்து எடுத்த இளம் நரம்பணுக்களை மூளையில் பதியம் வைத்திருந்தார்கள். பத்துக்கும் மேற்பட்ட ஆண்டுகள் கழித்து அவர்களில் சிலர் இறந்தபோது, அந்தப் புதிய அணுக்களிலும் லூயி உருண்டைகள் காணப்பட்டன. அமெரிக்காவிலும் சுவீடனிலும் இரு குழுவினர் தனித்தனியே இதைக் கண்டனர். முதுமை அடையாத அந்த அணுக்களுக்கு நோய் பழைய அணுக்களிடமிருந்தே வந்திருக்க வேண்டும் என்று பலரும் முடிவு செய்தனர்.

"பரவுகிறது" என்றவுடன் யாரும் அஞ்ச வேண்டியதில்லை. இப்பரவல் ஒருவரின் உடலுக்குள்ளேயே நடப்பது. ஒருவரிடமிருந்து மற்றவருக்கு ஒட்டுவதாகச் சான்றில்லை. நோயாளியைத் தொட்டுத் தூக்கலாம், உணவு ஊட்டலாம், பக்கத்தில் படுக்கலாம்.

வயிற்றிலிருந்து மூளைக்கு

2003ஆம் ஆண்டு ஜெர்மனியின் பிராங்க்பர்ட் நகரில் ஹைக்கோ பிராக் என்ற உடற்கூற்றியல் அறிஞரும் அவருடைய குழுவினரும் இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்து, இந்நோயின் பாதையை ஆறு கட்டங்களாக வகுத்தனர். அவர்கள் சொன்ன தொடக்க இடங்கள் இரண்டு. ஒன்று, மூக்கின் மணம் அறியும் நரம்பு போய்ச் சேரும் முகர்குமிழ். மற்றொன்று, மூளைத்தண்டின் அடிப்பகுதியில் வேகஸ் நரம்பு புறப்படும் இடம். வேகஸ் என்பது மூளையையும் இதயம், இரைப்பை, குடல் ஆகியவற்றையும் இணைக்கும் நீண்ட நரம்பு. லூயி 1912இல் உருண்டைகளைக் கண்ட இடங்களுள் ஒன்று இதே வேகஸ் மையம் என்பது குறிப்பிடத்தக்கது.

குடலின் சுவரிலும் நரம்பணுக்கள் வலைபோல் பின்னிக் கிடக்கின்றன. பலருக்கு நோய் அங்கே தொடங்கி, வேகஸ் வழியாக மேலே ஏறுகிறது என்பது இன்று பல அறிஞர்களின் கருத்து. முற்காலத்தில் இரைப்பைப் புண்ணுக்காக இந்நரம்பைத் துண்டிக்கும் அறுவைச் சிகிச்சை செய்வதுண்டு. அவ்வாறு முழுவதும் துண்டிக்கப்பட்டவர்களுக்குப் பிற்காலத்தில் நடுக்குவாதம் சற்றுக் குறைவாகவே வந்ததாக டென்மார்க், சுவீடன் நாட்டுப் பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள் 2015, 2017ஆம் ஆண்டுகளில் எழுதினர். வேர் நோய் தாவாதிருக்கத் தோட்டத்தில் மரங்களுக்கிடையே பள்ளம் வெட்டுவது நினைவுக்கு வருகிறதல்லவா? ஆயினும் இது முடிந்த முடிவன்று. இதற்காக நரம்பை வெட்டிக்கொள்ளும்படி யாரும் சொல்வதுமில்லை.

வேகஸ் மையத்திலிருந்து நோய் மூளைத்தண்டில் மேலேறும்போது, தூக்கத்தை ஆளும் பகுதியைத் தாக்குகிறது. அதற்கும் மேலே நடுமூளையில் கரும்பகுதி உள்ளது. உடலசைவுக்கு வேண்டிய 'டோப்பமின்' என்னும் பொருளைச் சுரக்கும் இடம் அது. அங்குள்ள அணுக்களில் பெருமளவு அழிந்த பிறகே கை நடுங்கும், உடல் விறைக்கும். பிறகு அச்சத்தையும் உணர்ச்சியையும் ஆளும் உட்பகுதிகள், கடைசியில் சிந்தனைக்கும் பார்வைக்கும் உரிய மூளைப் புறணி. இதுவே பாதை.

ஒரு மண்டோரின் வாழ்க்கையில்

இந்தப் பாதையை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே ஒரு மனிதரிடத்தில் கண்டிருக்கிறேன். பீடோங் வட்டாரத்துத் தோட்டமொன்றில் மண்டோராக இருந்தவர் அவர். பெயர் வேண்டாம்.

ஐம்பது வயதுக்குப் பிறகு அவருக்கு ஓயாத மலச்சிக்கல். மாதந்தோறும் மருந்தறைக்கு வந்து மருந்து வாங்கிச் செல்வார். சில ஆண்டுகளில் மணம் தெரியாமல் போயிற்று. ஒட்டுப்பால் மூட்டைகள் குவிந்த ஸ்டோருக்குள் மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு நுழைவார்கள். இவர் எதுவும் நடவாதது போல் நிற்பார். "மண்டோருக்குப் பழகிப்போச்சு" என்று சிரிப்பார்கள். வீட்டில் அவர் மனைவி சமைத்த மீன் குழம்பின் மணமும் அவருக்குத் தெரியவில்லை என்பதை யாரும் எண்ணிப் பார்க்கவில்லை.

பிறகு தூக்கம் கெட்டது. காட்டுப்பன்றியை விரட்டுவதாகக் கனவு கண்டு உறக்கத்திலேயே கத்துவார், காலை வீசி உதைப்பார். ஒருநாள் மனைவியின் முகத்தில் அடி விழுந்தது. அம்மையார் பாயை நடையில் போட்டுப் படுக்கத் தொடங்கினார். ஓய்வு பெற்றுச் சுங்கைப் பட்டாணிக்குக் குடிவந்த பின்புதான் வலக்கை நடுங்கியது, நடை சுருங்கியது, முகத்தில் சிரிப்பு மறைந்தது. மருத்துவமனையில் அப்போதுதான் நோய்க்குப் பெயர் கிடைத்தது. குடல் முதல் கை வரை வந்து சேர ஏறத்தாழ 15 ஆண்டுகள் ஆகியிருந்தன.

கனவுக்கேற்ப உடலை அசைக்கும் இந்தத் தூக்கக் கோளாறு மிக முக்கியமான அடையாளமாகும். சாதாரண மனிதருக்குக் கனவு காணும் வேளையில் கைகால்கள் கட்டுண்டு கிடக்கும். அந்தக் கட்டை அவிழ்த்துவிடுவது மூளைத்தண்டில் நுழைந்த நோய். 2019ஆம் ஆண்டு வெளியான பன்னாட்டு ஆய்வொன்றில், இக்கோளாறு உடைய 1,280 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தனர். 12 ஆண்டுகளில் ஏறத்தாழ நான்கில் மூவருக்கு நடுக்குவாதமோ, மறதி நோயோ, இவற்றைச் சார்ந்த வேறொரு நோயோ வந்துவிடும் என்று அவர்கள் கணக்கிட்டனர்.

அதே வேளையில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். மலச்சிக்கல் உள்ளவர்கள் எல்லாருக்கும் இந்நோய் வருவதில்லை. மணம் தெரியாமல் போவதற்குச் சளி, கோவிட் தொற்று எனக் காரணங்கள் பலவுண்டு. இவை ஒன்றன்பின் ஒன்றாகச் சேரும்போதுதான் மருத்துவரிடம் எடுத்துச் சொல்ல வேண்டும்.

எல்லாருக்கும் ஒரே பாதையா?

இல்லை. பிராக் வகுத்த வரிசை பலருக்குப் பொருந்துகிறது, சிலருக்குப் பொருந்துவதில்லை. அண்மைக் காலத்தில் டென்மார்க் ஆய்வாளர்கள் இரு வகையாகப் பிரித்துள்ளனர். உடலில் தொடங்கி மூளைக்கு ஏறுவது ஒன்று. மூளையிலேயே தொடங்கிக் கீழே இறங்குவது மற்றொன்று. முதல் வகையில் மலச்சிக்கலும் தூக்கக் கோளாறும் நெடுநாள் முன்பே தோன்றும். இரண்டாம் வகையில் நடுக்கமோ மனக்குழப்பமோதான் முதலில் தெரியும்.

நோய் ஏன் தொடங்குகிறது?

முதல் துளி உறைமோர் எங்கிருந்து விழுகிறது என்ற கேள்விக்கு ஒரே விடை இல்லை. சில குடும்பங்களில் மரபணுக் கோளாறு காரணமாகிறது. பெரும்பாலோருக்கு அப்படியன்று. முதுமை, பிறவியமைப்பு, சுற்றுச்சூழல் ஆகிய மூன்றும் சேர்ந்தே வேலை செய்கின்றன என்று கருதப்படுகிறது.

சுற்றுச்சூழல் என்னும்போது நம் மக்களின் கதையும் வருகிறது. மீன் பிடிக்க ஆற்றில் கலக்கும் தூபா வேரைக் கெடாவில் அறியாதார் இல்லை. அதிலுள்ள நஞ்சின் பெயர் ரோட்டினோன். 2000ஆம் ஆண்டு அமெரிக்க அறிஞர்கள் அந்த நஞ்சை எலிகளுக்குத் தொடர்ந்து செலுத்தியபோது, கரும்பகுதி அழிந்து, லூயி உருண்டையை ஒத்த திரள்களும் தோன்றின. மற்றொன்று களைக்கொல்லியான பாராகுவாட். இவ்விரண்டில் ஒன்றைக் கையாண்டவர்களுக்கு நடுக்குவாதம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 2.5 மடங்கு கூடுதலாக இருந்ததாக 2011ஆம் ஆண்டு ஓர் அமெரிக்க ஆய்வு கூறியது.

நம் தோட்டங்களில் முதுகில் தோம்பைச் சுமந்து மருந்தடித்தவர்களில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள். கையுறையோ முகமூடியோ இன்றி, சேலை முந்தானையால் மூக்கைக் கட்டிக்கொண்டு நிரை நிரையாக நடந்தவர்களை நானே பார்த்திருக்கிறேன். அவர்களுக்காகக் குரல் கொடுத்தவருள் முதன்மையானவர், 1946ஆம் ஆண்டு சுங்கைப் பட்டாணியில் பிறந்த ஐரீன் பெர்னாண்டஸ் அம்மையார். அவர் நிறுவிய தெனாகனித்தா இயக்கம், மருந்தடிக்கும் பெண்கள் நஞ்சால் படும் துயரத்தை 2002ஆம் ஆண்டு ஆய்வறிக்கையாக வெளியிட்டது. அதே ஆண்டு அரசாங்கம் பாராகுவாட்டுக்குத் தடை அறிவித்தது. 2006இல் தடை தளர்ந்தது. 2020 ஜனவரி முதல் நாள் முழுத் தடை நடப்புக்கு வந்தது. அம்மையார் 2014ஆம் ஆண்டே காலமாகிவிட்டார்.

மருந்தடித்தவர்கள் எல்லாருக்கும் இந்நோய் வரும் என்பது இதன் பொருளன்று. ஆனால் அத்தலைமுறைப் பெண்களுக்கு நடை தளர்ந்தாலோ கை நடுங்கினாலோ, அவர்கள் செய்த வேலையை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

பேயுமன்று, பைத்தியமுமன்று

நோய் புறணியை எட்டியதும் காட்சிகள் தோன்றுகின்றன. சிறு பிள்ளைகள், பூனை, நாய், இறந்துபோன உறவினர் என உருவங்கள் மிகத் தெளிவாகத் தெரியும். பெரும்பாலும் அவை பேசுவதில்லை. நோயாளியின் தெளிவும் ஒரே சீராக இருப்பதில்லை. காலையில் பேரனுக்குக் கணக்குச் சொல்லித் தருபவர் மாலையில் வீட்டு வாசலை அடையாளம் காணமாட்டார். "வேணும்னே நடிக்கிறாரு" என்று குடும்பத்தார் மனம் வெறுப்பது இதனால்தான். அவர் நடிக்கவில்லை. மேலும் கீழுமாக அசைவது இந்நோயின் இயல்பு.

கூலிம் வட்டாரத்தில் எழுபது கடந்த ஒரு மூதாட்டி இருந்தார். முப்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். கூடத்தில் நான்கு பிள்ளைகள் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லி அவர்களுக்கும் சேர்த்துத் தேநீர் கலக்கச் சொல்வார். வீட்டார் கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்டினர். அதனால் கெடுதல் ஒன்றுமில்லை, மனத்துக்கு ஆறுதல்தான். ஆனால் அதோடு நின்றுவிட்டனர். ஓரிரவு அவர் பிள்ளைகளைத் தேடிக்கொண்டு தெருவுக்கு ஓட, ஒரு மருத்துவமனைக்குக் கொண்டு சென்றனர். மனநோய்க்கான வலுவான ஊசியும் மாத்திரையும் கொடுக்கப்பட்டன. மூன்றே நாளில் உடல் கட்டைபோல் விறைத்தது. கஞ்சியும் விழுங்க முடியவில்லை. மகள் மாத்திரை உறையுடன் வேறொரு மருத்துவரிடம் ஓடினார். அவர் உடனே அதை நிறுத்தினார். சில வாரங்களில் மூதாட்டி எழுந்து உட்கார்ந்தார், பேசினார். முன்போல் நடக்க மட்டும் இயலவில்லை.

இந்நோயாளிகளுக்கு ஹாலோபெரிடால் போன்ற பழைய மனநோய் மருந்துகள் பேராபத்தானவை. அவ்வகை மருந்து பெற்றவர்களில் ஏறத்தாழ பாதிப் பேருக்குக் கடுமையான பாதிப்பு ஏற்படுவதாக இங்கிலாந்து மருத்துவர்கள் 1992ஆம் ஆண்டே எச்சரித்தனர். உயிரிழப்பும் நேர்ந்திருக்கிறது. வாந்திக்குக் கொடுக்கப்படும் மெட்டோகுளோப்பிரமைடும் விறைப்பைக் கூட்டும். தூக்கம் வரவழைக்கும் பழைய சளி மாத்திரைகள் குழப்பத்தைக் கூட்டும். நள்ளிரவில் அவசரப் பிரிவில் இருக்கும் மருத்துவருக்கு நோயாளியின் பதினைந்து ஆண்டு வரலாறு தெரியாது. அதை அவருக்குச் சொல்லக்கூடியவர்கள் வீட்டார் மட்டுமே.

பூனைக்காலியும் மருந்தும்

டோப்பமின் குறையை ஈடுசெய்யும் மருந்து லெவோடோப்பா. 1960களில் அது சிகிச்சைக்கு வந்தது. நம் நாட்டு மருத்துவத்தில் பன்னெடுங்காலமாக வழங்கும் பூனைக்காலி விதையில் அதே பொருள் இருப்பதைச் சென்னைப் பல்கலைக்கழக ஆய்வுக் கூடத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் 1937ஆம் ஆண்டிலேயே பிரித்தெடுத்துக் காட்டினர். நாம் பெருமை கொள்ளத்தக்க செய்தி இது.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. இன்று செம்பனைத் தோட்டங்களில் தரையை மூடிப் படரும் மியூக்குனா கொடி, பூனைக்காலியின் உறவுதான். 1990களில் கேரளத்து ரப்பர் தோட்டங்களிலிருந்து வந்தது. அதைப் பறித்து மருந்தாக உண்ணுதல் கூடாது. பூனைக்காலிப் பொடியையும் மருத்துவரைக் கேளாமல் உட்கொள்ளக்கூடாது. அளவு மிகுந்தால் காட்சிகள் பெருகும், இரத்த அழுத்தம் இறங்கும்.

லெவோடோப்பா விறைப்பைத் தளர்த்தும். நோயின் நடையை நிறுத்தாது. ரிவாஸ்டிக்மின், டோனெப்பெசில் என்னும் மருந்துகள் குழப்பத்தையும் காட்சிகளையும் பலருக்குக் குறைக்கின்றன. முதுகுத்தண்டு நீரில் பிசகிய புரதத்தின் சிறு துளியையும் கண்டறியும் சோதனை நன்கு பயன் தருவதாக 2023ஆம் ஆண்டு ஒரு பெரிய ஆய்வு காட்டியது. நோயை அதன் தொடக்கத்திலேயே பிடிப்பதற்கான வழி அதில் தெரிகிறது.

குடும்பத்தார் செய்யத்தக்கவை

முதலாவதாக, ஒரு குறிப்பேடு வையுங்கள். மலச்சிக்கல், மணம் தெரியாமை, உறக்கத்தில் கத்துதல், தடுமாற்றம், காட்சிகள் ஆகியவை எந்த ஆண்டு தொடங்கின என்று எழுதுங்கள். உட்கொள்ளும் மருந்துகளின் பெயர்களையும் எழுதுங்கள். எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் முதலில் அதைக் காட்டுங்கள். "லூயி பாடி நோயாக இருக்குமா?" என்று கேட்கத் தயங்காதீர்கள்.

இரண்டாவதாக, காட்சி காண்பவரோடு வாதிடாதீர்கள். "அங்கே யாருமில்லை" என்று அதட்டினால் அச்சம்தான் வளரும். விளக்கைப் போடுங்கள், கையைப் பிடித்துக்கொள்ளுங்கள், பேச்சை மாற்றுங்கள். சுவரில் தொங்கும் சட்டையும் நிலைக்கண்ணாடியும்கூட அவர்களுக்கு ஆளாகத் தோன்றும், அவற்றை அகற்றுங்கள்.

மூன்றாவதாக, படுக்கையிலிருந்து மெல்ல எழுப்புங்கள். நோய் இரத்த அழுத்தத்தை ஆளும் நரம்புகளையும் தொடுவதால், சட்டென எழுந்தால் மயங்கி விழுவார்கள். திடீரென்று குழப்பம் மிகுந்தால் சிறுநீர்த் தொற்றோ மலச்சிக்கலோ இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். கனவில் உதைப்பவரின் கட்டிலருகே கூர்மையான பொருள் எதையும் வைக்காதீர்கள்.

நான்காவதாக, பார்த்துக்கொள்பவரையும் பாருங்கள். இரவெல்லாம் விழித்திருக்கும் மனைவிக்கோ மகளுக்கோ மருமகளுக்கோ வாரத்தில் ஒரு நாளாவது மாற்று ஆள் வேண்டும். உறவினர்கள் பழம் வாங்கிக்கொண்டு வந்து பார்ப்பதைவிட, இரண்டு மணி நேரம் உடனிருப்பது பெரிய உதவி.

இந்நோயின் நடையை நிறுத்தும் ஆற்றல் மருத்துவத்துக்கு இன்னும் வாய்க்கவில்லை. ஆனால் அது எவ்வழியே வருகிறது என்பது தெரிந்துவிட்டது. அவ்வழியை அறிந்த வீட்டில் ஒரு முதியவரைப் பேய் பிடித்தவர் என்றோ நடிப்பவர் என்றோ ஒதுக்கமாட்டார்கள். தவறான ஊசிக்கும் விட்டுக்கொடுக்கமாட்டார்கள். இருட்டோடு எழுந்து பெரட்டுக்குப் போய் நம்மை ஆளாக்கிய தலைமுறை அது. அவர்களின் கடைசி ஆண்டுகளில் நாம் அவர்களைச் சரியாகப் புரிந்துகொள்வது, அவர்களுக்கு நாம் செய்யவேண்டிய கடமையாகும். இம்மலரைப் படித்து முடித்ததும், வீட்டில் பெரியவர்கள் உள்ள இன்னொரு குடும்பத்துக்கும் இதைக் கொடுத்துப் படிக்கச் செய்யுமாறு அன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

வாழ்க நலமுடன்.